காலடிப்பேட்டையில் ஒரு காலணி விசாரணை

நான் குடியிருப்பது திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். பெயரைக் கேட்டதும் ஏதோ மகானின் காலடி பட்ட ஊர் என்று பலர் நினைக்கிறார்கள். 1717 முதல் 1720 வரை சென்னையில் கம்பெனி கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் இது. காலட்பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. காலடிப்பேட்டைக்காரன் காலணியைப் பற்றி எழுதுவதில் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

விஷயம் ஆரம்பித்தது என் பாதத்தில். இருபது வருஷமாகச் சர்க்கரை என்னோடு இருக்கிறது. போன மாதம் காலைப் பார்த்த டாக்டர், "இனிமே ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போகாதீங்க சார். விரல் மூடுற மாதிரி, அகலமா, நல்ல ஷூவா ஒண்ணு வாங்கிக்குங்க" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பேத்தி உடனே போனை எடுத்தாள்.

"லெதர் வேண்டாம் தாத்தா. தோல் ஷூவுக்காகத்தான் பாலாறே போச்சு. எங்க கிளாஸ்ல அந்தக் கேஸே படிச்சோம். வீகன் ஷூ பார்க்கிறேன் இருங்க."

நான் பேசாமல் இருந்தேன். துறைமுகத்தை ஒட்டிய ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் 36 வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அதில் பாதிக் காலம் என் மேஜை மேல் வந்து போன காகிதங்கள் தோல் ஏற்றுமதிக் காகிதங்கள்தான். பாலாற்றைப் பற்றி இருபது வயதுப் பெண் எனக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்குத் தெரிந்ததை ஒழுங்காக எழுதிப் பார்ப்போம் என்று தோன்றியது. அதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் என் பள்ளிக்கூடத்துக் கதை ஒன்று. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். அங்கே ஓர் ஆசிரியர் பொன்னுத்தம்பிப் பிள்ளையின் கதையைச் சொல்லுவார். 1873-ஆம் வருஷம், புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் வக்கீல் பொன்னுத்தம்பி ஐரோப்பியர் மாதிரி ஷூவும் காலுறையும் போட்டுக்கொண்டு நுழைந்தார். உள்ளூர்க்காரன் அப்படி வரக்கூடாது என்று நீதிபதி அவரை அனுமதிக்கவில்லை. அவர் விடவில்லை. வழக்கைப் பாரீஸில் இருந்த உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் ஜெயித்தார். பிறகு 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை வந்தபோது, நம் ஊர்ச் சட்டவழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்களுக்கு அவரே முன்னோடியாக இருந்தார். 'கதவு' என்று பொருள்படும் 'லா போர்த்' என்ற குடும்பப் பெயரையும் வைத்துக்கொண்டார்.

ஒரு ஜோடி ஷூவுக்கு இவ்வளவா என்று நாங்கள் சிரிப்போம். ஆசிரியர் சிரிக்க மாட்டார். நம் நாட்டில் காலில் என்ன போட்டுக்கொள்ளலாம் என்பது மானப் பிரச்சினை. ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்த மக்களை என் தலைமுறைக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். அந்தச் செருப்பைத் தைத்ததும் அவர்கள்தான். ஷூ போடும் உரிமைக்கு வழக்கு நடந்தது. அதைச் செய்பவரின் உரிமைக்கு யார் வழக்குப் போட்டார்கள் என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இனி நம்ம வடசென்னைக்கு வருவோம்.

1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது நம்மில் பலருக்குத் தெரியும். அது எங்கே போனது என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். வாலாஜா ரோடு வரை. அங்கிருந்து ராணிப்பேட்டை கூப்பிடு தூரம். பிறகு அந்தப் பாதை காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று நீண்டது. பாலாற்றங்கரைத் தோல் ஊர்கள் எல்லாம் இந்த ஒரே தண்டவாளத்தில் கோத்த மணிகள். தோல் கட்டுகள் அந்த வழியாக வரும். பெரியமேட்டு மண்டிகளில் தரம் பிரித்துப் பேரம் பேசுவார்கள். பிறகு கப்பல். 1875-ல் துறைமுக வேலை தொடங்குவதற்கு முன்னால், கரையிலிருந்து மசூலா படகில் ஏற்றி, அலையைத் தாண்டி, தூரத்தில் நங்கூரம் பாய்ச்சிய கப்பலுக்குக் கொண்டுபோவார்கள்.

அந்தக் காலத்துச் சென்னைத் தோலுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதப்படுத்திய தோலை வெளிநாட்டில் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று சொல்லுவார்கள். கிப் என்றால் சிறிய மாட்டின் தோல். நம் நாட்டு மாடு உருவத்தில் சிறியது, தோல் மெலிது, ஷூவின் மேற்பகுதிக்குத் தோதானது. பட்டையில் பதனிடும் முறையை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே சீர்படுத்தியவர் சார்லஸ் டி சூசா என்ற புதுச்சேரிக்காரர் என்று தோல் தொழில் வரலாற்றில் குறிப்பு உண்டு. அதைப் படித்தபோது, நம்ம ஊர்க்காரர் ஆயிற்றே என்று எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். சென்னைச் சரக்கு லண்டனில் ஏலம் போகும். முதல் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுக்காகச் சென்னைத் தோலை அரசாங்கமே கொள்முதல் செய்தது. பிரான்ஸ் நாட்டுப் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற சிப்பாய்களில் எத்தனையோ பேரின் காலில் நம் ஊர் மாட்டின் தோல் இருந்திருக்கும்.

பட்டைப் பதனீட்டுக்கு வாரக் கணக்கில் நாள் பிடிக்கும். அமெரிக்காவில் 1884-ல் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். வாரக் கணக்கு வேலை நாள் கணக்காகியது. தோல் மெத்தென்று இருக்கும், தண்ணீர் பட்டாலும் தாங்கும். அமெரிக்கர்கள் சென்னையில் பதனிட்ட ஆட்டுத்தோலைக் குறைத்துக்கொண்டு, பச்சைத் தோலாகவே வாங்கத் தொடங்கினார்கள். நம் பதனீட்டுக்காரர்கள் திண்டாடினார்கள். சென்னை ஓவியக் கல்லூரியில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் குரோம் முறையை இங்கே சோதித்துப் பார்த்தார். அவர் முதலில் செய்து பார்த்தவற்றில் ஒன்று கவலை ஏற்றத்துக்கான தோல் சால்! தண்ணீரில் சீக்கிரம் அழுகாத சால். விவசாயிக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுப்பதற்காக வந்த குரோமியம் பிற்பாடு அதே விவசாயியின் கிணற்றை என்ன செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். குரோம்பேட்டை என்ற பெயரும் சேம்பர்ஸ் என்பவர் அங்கே நடத்திய குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் நாயுடம்மா. 1985-ல் கனிஷ்கா விமான விபத்தில் இறந்துபோனார். தோலைக் கையால் தொட்டாலே தீட்டு என்ற சமூகத்தில், ஒரு விஞ்ஞானி அதை எடுத்து முகர்ந்து பார்த்துப் பேசும் நிலை அந்த நிலையத்தால் வந்தது. சிறிய காரியமில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1974-ல். அதற்குச் சற்று முன்னால், சீதாராமையா குழுவின் சிபாரிசுப்படி, பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் அனுப்புவதைக் குறைத்து, முழுக்கப் பதனிட்ட தோலையும் ஷூவையும் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று மத்திய அரசு கொள்கை வகுத்தது. நியாயமான கொள்கை. லாபமும் வேலைவாய்ப்பும் நம் நாட்டிலேயே தங்கும். என் மேஜைக்கு வந்த பில்களில் அந்த மாற்றத்தை வரிவரியாகப் பார்த்தேன். 'ஈ.ஐ. டேன்டு' என்ற சொல் குறைந்தது. 'ஃபினிஷ்டு லெதர்' வந்தது. பிறகு 'ஷூ அப்பர்ஸ்'. பிறகு முழு ஷூ. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்து, அந்நியச் செலாவணி இவ்வளவு என்று எழுதும்போது ஏதோ நானே சம்பாதித்துக் கொடுத்த மாதிரிப் பெருமையாக இருக்கும்.

அதே அலுவலகத்தில் வாணியம்பாடிப் பக்கத்து நண்பர் ஒருவர் இருந்தார். இப்போது அவர் இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊரிலிருந்து தேங்காய் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பார். எண்பதுகளின் நடுவில் ஒரு பொங்கலுக்கு வெறும் கையோடு வந்தார். "என்னய்யா, தேங்காயெல்லாம் வித்துட்டியா?" என்று கிண்டல் செய்தேன். "மரமே பட்டுப்போச்சு. கெணத்துத் தண்ணி உப்பாயிடுச்சு. மாடு கூட வாய் வைக்கல" என்றார். பிறகு என் மேஜை மேல் இருந்த கட்டைப் பார்த்து, "நீ கூட்டற கணக்குல எங்க கெணறும் கப்பல் ஏறுது. அதுக்கு மட்டும் ஒரு காலம் போடலையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நானும் சிரித்துவிட்டு மேற்கொண்டு கூட்டினேன்.

அவர் சொன்னது எப்படி நடக்கிறது என்று பிறகுதான் விளங்கிக்கொண்டேன். தோல் அழுகாமல் இருக்க உப்பு தடவுவார்கள். பதனிடும் முன் அந்த உப்பைக் கழுவி விடுவார்கள். முடி போக்கச் சுண்ணாம்பும் சல்பைடும் போடுவார்கள். அதற்குப் பிறகு குரோமியம். கழுவிய தண்ணீர் எல்லாம் வாய்க்கால், ஏரி, கடைசியில் பாலாறு. பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். ஊற்றுத் தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடும். மேலே விட்டது அடியில் இறங்கி நேரே கிணற்றுக்குள் போய்விடும்.

வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வக்கீல் எம்.சி. மேத்தா. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. பேத்தி வகுப்பில் படித்த கேஸ் இதுதான். அந்தத் தீர்ப்பில் உள்ள எண்கள் சிலவற்றைப் பாருங்கள். தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிர் செய்ய லாயக்கில்லாமல் போனது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. குரோம் முறையில் ஏறத்தாழ 170 வகை ரசாயனங்கள் சேர்கின்றன. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டுப்போயிருந்தன. அதே தீர்ப்பு, நாட்டின் தோல் ஏற்றுமதியில் சுமார் 80 சதவீதம் தமிழ்நாட்டிலிருந்து போகிறது என்றும், இது அந்நியச் செலாவணி ஈட்டும் தொழில் என்றும் ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் அதற்காகச் சூழலைக் கெடுக்க உரிமை கிடையாது என்றது. மாசுபடுத்தியவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னதும் இந்தத் தீர்ப்புதான். ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்று பசுமை அமர்வு ஒன்றும் அமைக்கச் சொன்னது.

அதன்படி அமைந்த ஆணையம் 2001-ல் இழப்பீடு நிர்ணயித்தது. 186 கிராமங்கள், 29,193 பேர், 26 கோடியே 82 லட்சம் ரூபாய். குமாஸ்தா புத்தி, வகுத்துப் பார்த்தேன். தலைக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம். நண்பரின் அண்ணனுக்கும் ஏதோ தொகை வந்தது. "வாங்கிக்கிட்டார். கெணத்துல தண்ணி எட்டிப் பார்த்தார், அதே தண்ணிதான்" என்றார் நண்பர். விஷயம் இன்னும் முடியவில்லை. 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்பு சொல்லி, இழப்பீடு பாக்கியைக் கொடுக்கவும், ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்கவும் உத்தரவிட்டிருக்கிறது. முதல் மனு போட்டு 34 வருஷம். என் மொத்த சர்வீஸுக்கு இரண்டு வருஷம்தான் குறைவு.

தண்ணீர் மட்டுமில்லை, ஆட்களும் போனார்கள். 2015 ஜனவரி 31-ஆம் தேதி விடியற்காலை ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் அந்தச் சேற்றில் இறந்தார்கள். ஒன்பது பேர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இன்னொரு பக்கம், ஆம்பூர் வட்டாரத்தில் ஷூவின் மேற்பகுதியை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஊசியால் தைத்துக் கொடுக்கும் பெண்கள். அவர்களுக்கு வருகைப் பதிவும் இல்லை, பி.எஃப்.பும் இல்லை. 2016-ல் தொண்டு நிறுவனங்கள் வெளியிட்ட ஓர் அறிக்கை இதை வெளியே கொண்டுவந்தது. ஐரோப்பியக் கடைகளில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் ஷூவில் ஒரு ஜோடி தைத்தால் அவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒரு டீக்கு ஆகிற காசு.

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் பேத்தியிடம் சொன்னேன். "அதான் தாத்தா, லெதரே வேண்டாம்" என்றாள்.

"சரிம்மா. நீ காட்டின அந்த வீகன் ஷூ எதால செஞ்சது? படி."

படித்தாள். பாலியூரிதேன். அதாவது பிளாஸ்டிக். பெட்ரோலியத்திலிருந்து வருவது. மேற்குக் காற்று அடித்தால் எங்கள் மொட்டை மாடிக்கு மணலி வாசனை வரும். பெட்ரோ ரசாயனம் என்றால் என்ன என்று திருவொற்றியூர்க்காரருக்குப் புத்தகம் வேண்டாம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது மீனவர்கள் கையால் அள்ளியதை அவளும் டி.வி.யில் பார்த்தவள்தான். அவள் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

"அப்போ எதைத்தான் வாங்கறது?" என்றாள்.

எனக்குத் தெரிந்த வரை சொன்னேன். இப்போது ஷூவில் பல முத்திரைகள் வருகின்றன. 2024 ஆகஸ்ட் முதல் காலணிகளுக்கு ஐ.எஸ்.ஐ. தரம் கட்டாயமாகியிருக்கிறது. அது ஷூவின் தரத்தைச் சொல்லும். தைத்தவரின் கூலியைச் சொல்லாது. 2005-ல் தொடங்கிய லெதர் ஒர்க்கிங் குரூப் என்ற அமைப்பு தோல் ஆலைகளைத் தணிக்கை செய்து தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுக்கிறது. அது முக்கியமாகத் தண்ணீர், ரசாயனம், கழிவு பற்றியது. ஐரோப்பாவில் 2015 முதல் தோலில் ஆறாம் நிலை குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அது போடுகிறவரின் தோலைக் காப்பாற்றும் சட்டம்; பதனிடுகிறவரின் கிணற்றை அல்ல. ஒவ்வொரு முத்திரையும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. அது எந்தக் கேள்வி என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். கடையில் மூன்று விஷயம் கேட்கலாம்: தோல் எங்கே பதனிட்டது, எங்கே தைத்தது, அடி தேய்ந்தால் மாற்ற முடியுமா. முதல் இரண்டுக்குக் கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் தெரிந்துகொள்வார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பரண் மேல் இருந்த ஒரு பெட்டியை இறக்கச் சொன்னேன். நான் ஓய்வு பெற்ற அன்று நண்பர்கள் வாங்கிக் கொடுத்த கறுப்புத் தோல் ஷூ. பணம் வசூலித்தது அந்த வாணியம்பாடி நண்பர்தான். நாலைந்து தடவைதான் போட்டிருப்பேன். மேல் தோல் நன்றாக இருந்தது. அடிப்பாகம் மட்டும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பேத்தியையும் கூட்டிக்கொண்டு, தேரடிப் பக்கம் ரொம்ப வருஷமாக உட்காரும் தைப்பவரிடம் போனேன்.

அவர் கையை விட்டுப் பார்த்தார். "தோலு நல்லா கீது சார். அடி மட்டும் காலி. ரப்பர் சோல் போட்டு, சுத்தித் தைச்சுக் குடுக்கறேன். ஓரத்துல கொஞ்சம் இழுத்து விட்டா அகலமும் வரும். இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்."

"எவ்வளவுப்பா?"

"முன்னூத்தம்பது குடு சார்."

என் வாய் பழக்க தோஷத்தில் முன்னூறு என்று சொல்ல வந்தது. பேத்தி பக்கத்தில் நின்றாள். வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலம் ஷூவை வாங்கும்போது நானூறாகக் கொடுத்தேன். "ஐம்பது ஜாஸ்தி கீது சார்" என்று அவர் திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அது அவருடைய விலை.

இதனால் பாலாறு நிறைந்துவிடாது என்று எனக்குத் தெரியும். அந்த ஷூவுக்கான தோலும் எந்தக் கிணற்றையோ கெடுத்துத்தான் வந்திருக்கும். ஏற்கெனவே கொடுத்த விலையை வீணாக்காமல் இருப்பது ஒன்றுதான் இப்போது என்னால் ஆகிற காரியம். இன்னொன்றும் செய்தேன். நண்பரின் ஊரில் அவருடைய மகன் இருக்கிறார். போன் செய்து, இழப்பீடு பாக்கிக்கு மனு ஏதாவது எழுத வேண்டியிருந்தால் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். 36 வருஷம் அரசாங்கத்துக்காக எழுதிய கை. மனு எழுத வரும். "காகிதமெல்லாம் அப்பா பெட்டியில இருக்கு மாமா, தேடி அனுப்பறேன்" என்றார்.

காத்திருக்கிறேன். டாக்டரும் ஷூவைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.